பெட்டியில் வந்த பாடத்திட்டம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்னரும், போகத் தொடங்கிய பின்னரும், சிறு பிள்ளைக்கு வீட்டில் எதை, எந்த ஒழுங்கில், எவ்வளவு கற்பிப்பது என்று பெற்றோர் கேட்டிருந்தார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களைச் சுருக்கி இங்கே தந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனது மகனுக்கு நான்கு வயதும் மூன்று மாதமும். கனடாவில் இருக்கும் எனது அக்கா வீட்டுக்கல்விக்கான பாடத்திட்டப் பெட்டி ஒன்றை அனுப்பியிருக்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 36 வாரங்களுக்கான பாடங்கள் ஆங்கிலத்தில், வேலைத்தாள்களுடன் உள்ளன. முன்பள்ளி விட்டு வந்த பிறகு நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் செய்விக்கிறேன். நான்காவது வாரத்திலேயே பிள்ளை பெட்டியைக் கண்டால் ஓடி ஒளிக்கிறான். காசு செலவழித்து அனுப்பியதை வீணாக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், கோப்பாய்

பதில்: அன்புச் சகோதரி, பெட்டியை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைக்கு முன்னால் அதைத் திறப்பதை ஒரு மாதத்துக்கு நிறுத்துங்கள். வேலைத்தாள்களை அலுமாரியில் வைத்துவிட்டு, பெற்றோருக்கென்று அதனுடன் வந்திருக்கும் வழிகாட்டியை மட்டும் எடுத்து, பிள்ளை நித்திரையான பின் ஆறுதலாக வாசியுங்கள். பெட்டியில் பெறுமதியான பகுதி அதுதான்.

வாசிக்கும்போது ஒரு கொப்பியை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை பெறவேண்டிய திறன் ஒன்று இருக்கும். அந்தத் திறனைக் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்ட பொருள் ஒன்று இருக்கும். திறனை இடப்பக்கத்திலும் பொருளை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். மேப்பிள் இலைகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் பாடம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பண்பை மட்டும் கவனித்து வகைப்படுத்துவது அங்கே திறன். மேப்பிள் இலை பொருள். வலப்பக்கத்தை வெட்டிவிட்டு உங்கள் வேலியைப் பாருங்கள். கிளுவை இலை, பூவரசிலை, வேப்பிலை, முருங்கையிலை ஆகியவற்றைப் பிள்ளையே பொறுக்கி வந்து, விளிம்பில் வெட்டுள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தானென்றால், அந்தப் பாடம் பெட்டியில் உள்ளதைவிட நன்றாகவே நடந்து முடிந்தது. சதக் காசுக்குப் பதிலாக எங்கள் ரூபாய் நாணயங்கள் வரும். அங்குலத்துக்குப் பதிலாகச் சென்ரிமீற்றர் வரவேண்டும் என்று அவசரப்படாதீர்கள். நான்கு வயதில் சாணும் அடியும் போதும்; விறாந்தைப் படியிலிருந்து கேற் வரைக்கும் தன்னுடைய காலால் எத்தனை அடி, அப்பாவின் காலால் எத்தனை அடி என்று அளந்து பார்த்த பிள்ளை, எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு எதற்குத் தேவைப்படுகிறது என்பதைப் பின்னர் தானாகவே விளங்கிக்கொள்ளும்.

பொருளை மாற்றலாம், ஆனால் திறன்களின் வரிசையை மாற்றாதீர்கள். நாங்கள் அநேகமாக எதிர்மாறாகவே செய்கிறோம்: படங்களை அப்படியே வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எழுதத் தெரிந்துவிட வேண்டும் என்ற ஆவலில் படிகளைத் தாண்டுகிறோம். நானும் இந்தத் தவறைச் செய்தவள். என் மூத்த மகள் ஐந்து வயதுக்கு முன்பே ஐம்பது வரை அழகாக எழுதினாள். ஒருநாள் குசினியில் இருந்துகொண்டு, ஏழு வெங்காயம் எடுத்து வரச் சொன்னேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, “போதுமா?” என்று கேட்டாள். ஏழு என்பது அவளுக்கு ஒரு வடிவமாகவே இருந்ததே தவிர, ஓர் அளவாக இருக்கவில்லை. அதன் பிறகு ஆறு மாதம் பென்சிலைத் தொடாமல், முதலிலிருந்து தொடங்கினோம்.

உங்கள் பெட்டியில் பத்துப் பத்தாகக் கோக்கும் பிளாஸ்ரிக் கட்டைகள் இருக்கக்கூடும். அவை இல்லாவிட்டாலும் குறைவில்லை. புளியங்கொட்டை ஒரு குவியலும் கழுவிக் காயவைத்த சிரட்டைகள் நாலைந்தும் எடுங்கள். பிள்ளை எண்ணி எண்ணி ஒரு சிரட்டைக்குள் பத்துப் போடட்டும்; பத்து நிறைந்ததும் சிரட்டையை அரக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கட்டும். கடைசியில் இரண்டு சிரட்டை நிறைந்து, மூன்று கொட்டை வெளியே கிடக்கும். “இரண்டு பத்தும் மூன்றும்” என்று முதலில் சொல்லவிடுங்கள். “இருபத்து மூன்று” என்பது அதற்குள்ளேயே இருப்பதைச் சில நாட்களில் பிள்ளை கேட்டுவிடும். இந்த இடத்தில் தமிழ் எங்களுக்குப் பெரிய துணை. பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் தெரிவதுபோல ஆங்கிலத்தில் அதே எண்ணுக்குரிய சொல்லுக்குள் தெரிவதில்லை. ஆகவே பெட்டி ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்ணுவதைத் தமிழிலேயே தொடங்குங்கள். ஒன்பதிலும் தொண்ணூறிலும் மாத்திரம் பிள்ளை தடக்குப்படும். அவை ஒழுங்குக்குப் புறம்பானவை என்பதால் சற்றுக் கூடுதலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இயற்கைப் பாடங்களில் பெட்டி உங்களுக்கு அதிகம் உதவாது. அது நான்கு பருவங்களை எதிர்பார்க்கிறது. எங்கள் பிள்ளை அறிகிற ஆண்டு சோளகமும் வாடையும், ஐப்பசி தொடங்கி வரும் மாரியும், அதன் பின் நிறைந்து கிடக்கும் கிணறும் கொண்டது. விதை முளைப்பதைக் காட்டும் பாடத்தை ஈரத் துணியில் பயறு வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். அதோடு, ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடும்போது பிள்ளையையும் ஒரு கொட்டை வைக்கச் சொல்லுங்கள். கலண்டரில் அந்த நாளைச் சுற்றிக் கோடு போடுங்கள். மாரி முழுவதும் மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. தை பிறந்து பாத்தியைக் கிண்டிக் கிழங்கை இழுக்கும் நாளில், மண்ணுக்குள் நடந்த அத்தனை மாத வேலையும் ஒரேயடியாகக் கண்ணுக்குத் தெரியவரும். முளை வந்ததைப் பார்ப்பதோடு காத்திருக்கவும் பழகுவது நாலு வயதுப் பிள்ளைக்கு நல்ல விஞ்ஞானம்.

பெட்டியில் உள்ள அந்நியமான எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பனி பெய்யும் படக்கதையைப் பிள்ளை விரும்பிக் கேட்டால் வாசித்துக் காட்டுங்கள், தமிழில் சொல்லுங்கள், பெரியம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது அங்கே பனி எப்படியிருக்கிறது என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். காணாத ஊரைக் கதையில் காண்பது நல்லது. எண்ணவும் அளக்கவும் வகைப்படுத்தவும் பழகும் பொருள் மட்டும் கைக்கு எட்டியதாக இருக்கவேண்டும்.

நேரத்தைப் பற்றிச் சொல்வதானால், ஒன்றரை மணித்தியாலம் மிக அதிகம். வீட்டுக்கல்வியைப் பற்றி விரிவாக எழுதிய இங்கிலாந்துப் பெண்மணி ஷார்லட் மேசன், எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றார். முறைப்படியான பாடங்களை ஆறு வயது வரை தொடங்கவே வேண்டாம் என்பதும் அவர் கருத்து. முன்பள்ளியிலிருந்து வந்த களைப்போடு இருக்கும் உங்கள் மகனுக்குப் பத்து நிமிட வேலை ஒன்று போதும். 36 வாரங்களை 36 படிகள் என்று எடுங்கள். ஒரு படி இரண்டு நாளில் முடியலாம், இன்னொன்று இரண்டு மாதம் பிடிக்கலாம்.

கேள்வி: எனது மகள் வரும் ஜனவரியில் முதலாந் தரத்துக்குச் செல்ல இருக்கிறாள். அ, ஆ முழுவதையும் ஒப்புவிக்கிறாள். ஆனால் ஒரு சொல்லையேனும் வாசிக்கிறாள் இல்லை. ஆங்கில ஒலிப்பு முறை அட்டைகளில் உள்ள ஒழுங்கையே தமிழுக்கும் பின்பற்றலாம் என்று ஒருவர் கூறினார். 247 எழுத்துகளையும் எப்போது கற்பித்து முடிப்பது?
– ஒரு தந்தை, சாவகச்சேரி

பதில்: முந்திய பதிலில் வரிசையை மாற்றாதீர்கள் என்று எழுதினேன். அதற்கு விலக்கு ஒன்றுண்டு, அது வாசிப்பு. எண்ணுவதன் படிகள் எந்த மொழியிலும் ஒன்றுதான். எழுத்தறிவின் படிகள் அந்தந்த எழுத்து முறையிலிருந்து பிறப்பவை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைக் காட்டவேண்டியிருப்பதால், ஒலிகளைத் தனித்தனியே சொல்லி ஒட்டிப் பழக்கும் நீண்ட பயிற்சி அங்கே தேவைப்படுகிறது. தமிழில் “ப” என்பது எழுதும்போதே மெய்யும் உயிரும் கூடி நிற்கும் ஓர் அசை. “ப், அ, ப” என்று பிரித்து ஒட்டும் வேலை தொடக்கத்தில் வேண்டியதில்லை. பட்டம் என்ற சொல்லைப் பிள்ளை வாயால் சொல்லும்போதே “பட்–டம்” என்று கைதட்டிப் பிரிக்கத் தெரிந்தால், வாசிப்பின் பாதி வேலை முடிந்துவிட்டது.

247 என்ற எண்ணைக் கேட்டு மலைக்காதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மீதி 216 உயிர்மெய். இந்த 216ஐயும் ஒவ்வொன்றாக மனனம் செய்விக்கத் தேவையில்லை; பதினெட்டு உடல்களும் அவற்றில் ஏறும் சில குறிகளும் தெரிந்தால் பெரும்பாலானவை தாமே அமையும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் குறி எழுத்துக்கு எழுத்து வேறு வேறு விதமாக ஒட்டிக்கொள்வதால் (கு, சு, டு, மு, து என்று எழுதிப் பாருங்கள்), அவற்றுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அகரத்தில் தொடங்கி ஒப்புவிப்பது எங்கள் வழக்கம், அழகான வழக்கம். விஜயதசமியிலோ தைப்பூசத்திலோ ஏடு தொடக்கி, தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அ எழுதுவிக்கும் நாளை எந்தக் குடும்பமும் மறப்பதில்லை. ஆனால் அன்றாடப் பயிற்சிக்கு அந்த எழுத்து கடினமானது. சுழியும் வளைவும் கோடும் ஒன்றாகச் சேர்ந்த வடிவத்தைச் சின்ன விரல்கள் முதலிலேயே சமாளிக்க முடியாமல் தவிக்கின்றன. ட என்பது மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு வலப்பக்கமாக ஒரு கோடு. அதையே மேலே ஏற்றினால் ப. ப போலத் தொடங்கி வலப்பக்கத்தில் வளைத்துச் சுழித்தால் ம. இந்த மூன்றையும் மெய்யெழுத்துக்குரிய புள்ளியையும் வைத்துக்கொண்டே படம், மடம், மட்டம், பட்டம் என்று வாசிக்கலாம். முற்றத்து மணலில் விரலால் எழுதிய மூன்று வடிவங்களைச் சேர்த்துப் “பட்டம்” என்று வாசித்த பிள்ளை, தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டத்தைத் தானே எழுத்தில் ஏற்றிவிட்டதாக நினைக்கும். அடுத்து க, ர வரட்டும்: மரம், பக்கம், கடகம். பிறகு ல, வ: கடல், வடம். துணைக்கால் வந்ததும் பாடம், காகம். ஒவ்வொரு புதிய எழுத்தும் வந்த அன்றே ஒரு சொல்லாகவேண்டும். உங்கள் மகளுக்கு எழுத்து நிறையத் தெரியும். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதை மட்டும் இன்னும் ஒருவரும் காட்டவில்லை.

ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ஒலிப்பு அட்டை முறையில் பழகியவர்கள், ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறார்கள். காகம் என்ற சொல்லிலேயே முதற் ககரமும் இரண்டாம் ககரமும் ஒரே ஒலியல்ல. பட்டத்தில் வரும் பகரமும் கம்பத்தில் வரும் பகரமும் ஒன்றல்ல. இதை விதியாக விளக்க முயலாதீர்கள். தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருப்பதால், சொல்லை இனங்கண்டவுடன் ஒலியைத் தானாகத் திருத்திக்கொள்ளும். எங்கள் நகரத்துக் கடைப் பலகைகளில் “ரயர்” என்றும் “டயர்” என்றும் இரண்டு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் மகிழுங்கள், வீதியையே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: மொண்டிசோரி, வால்டோர்ஃப், ஷார்லட் மேசன் என்று பல முறைகள் சொல்லப்படுகின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு எது சிறந்தது?
– வட்டுக்கோட்டை

பதில்: மூன்றிலும் எடுக்கத்தக்கது உண்டு, ஒன்றையும் முழுமையாக வாங்கத் தேவையில்லை. மரியா மொண்டிசோரி 1907இல் ரோமாபுரியில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கியவர். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை இரு விரல்களால் தடவி உணரவேண்டும் என்ற அவரது எண்ணம், அரிசியில் விரலால் எழுதப் பழக்கிய எங்களுக்குப் புதிதல்ல. மரத்தைத் தேய்க்கத் தச்சர்கள் பாவிக்கும் தாளில் தமிழ் எழுத்துகளை வெட்டி மட்டையில் ஒட்டினால் அந்த உபகரணம் வீட்டிலேயே தயார். வால்டோர்ஃப் முறையில் எழுத்தறிவை ஏழு வயதை ஒட்டியே முறைப்படி தொடங்குவார்கள். ஐந்து வயதில் முதலாந் தரத்தில் அமரும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புப் பொருந்தாது. ஆனால் கதை, பாட்டு, கைவேலை ஆகியவற்றுக்கு அந்த முறை கொடுக்கும் இடத்தைத் தாராளமாகப் பின்பற்றலாம். மேசனிடமிருந்து சிறு பாடங்களையும், கேட்ட கதையைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்லும் பழக்கத்தையும் எடுங்கள். வட்டுக்கோட்டையில் இருப்பவருக்கு வயலும் குளமும் வெளியே போனவுடன் இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றுக்கே அதிக நேரம் கொடுங்கள்.

கேள்வி: சுவிற்சர்லாந்திலிருந்து திரும்பி வந்து நல்லூரில் வசிக்கிறோம். ஏழு வயது மகன் ஜெர்மன் மொழியில் நன்றாக வாசிப்பான். தமிழ் பேசுவான், எழுத்துத் தெரியாது. ஓராண்டு வீட்டிலேயே கற்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா? எந்தப் புத்தகங்களைப் பாவிக்கலாம்?
– பெற்றோர், நல்லூர்

பதில்: பள்ளிக்கூடத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறையிலுள்ளது. வலயக் கல்விப் பணிமனைக்கு முதலில் சென்று, பிள்ளையின் முன்னைய பாடசாலை ஆவணங்களைக் காட்டி, எந்தத் தரத்தில் சேர்ப்பது என்று கேளுங்கள். வீட்டுப் பாடம் அதற்குப் பக்கத்தில் நடக்கட்டும். சட்டம் ஒருபுறமிருக்க, கிளித்தட்டு விளையாட ஒரு கூட்டம் கிடைக்காமல் தமிழ் அவனுக்கு வேகமாக வராது.

புத்தகங்களுக்கு வெளிநாட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை அதன் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளையும் அவ்வாறே பெறலாம். பெரும்பாலான பெற்றோர் பாடநூலோடு நின்றுவிடுகிறார்கள். உங்களுக்கு அதிகம் உதவப்போவது வழிகாட்டிதான். பிள்ளை அடைய வேண்டிய தேர்ச்சி எது, அதற்கு எந்த விளையாட்டு, எந்தச் செயற்பாடு என்று அதில் விவரமாக இருக்கும். பாடத்திட்டங்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், நடைமுறையிலுள்ள பதிப்பையே எடுங்கள்.

உங்கள் மகன் வாசிக்கத் தெரிந்த பிள்ளை. குறிகள் ஒலியாகும் என்ற பெரிய உண்மையை அவன் ஏற்கெனவே கண்டுவிட்டான். தமிழ் வடிவங்களை மட்டும் அறியவேண்டும். மேலே சாவகச்சேரி வாசகருக்கு எழுதிய எழுத்தொழுங்கையே பின்பற்றுங்கள். ஆனால் முதலாந் தரப் புத்தகத்தின் வசனங்கள் ஏழு வயதுப் பையனுக்குச் சலிப்பூட்டலாம். எனவே எழுத்தின் படி முதலாந் தரத்தினுடையதாகவும், விடயம் அவனது வயதுக்குரியதாகவும் இருக்கவேண்டும். அவனுக்குப் புகையிரதத்தில் விருப்பமென்றால், யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரைக்குமான நிலையங்களின் பெயர்களை மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கொடிகாமம், கிளிநொச்சி, மாங்குளம் என்று தேடி வாசிக்கட்டும்.

அவன் தடுமாறப்போவது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியில்தான். “நான் பட்டம் ஏத்தினனான்” என்று வீட்டில் சொல்லும் பிள்ளை, “நான் பட்டம் ஏற்றினேன்” என்று புத்தகத்தில் பார்க்கும்போது அது தன்னுடைய மொழிதானா என்று திகைக்கிறது. அவன் வரைந்த படத்துக்குக் கீழே அவன் சொன்ன வசனத்தை அவன் சொன்னபடியே நீங்கள் எழுதி, அதற்குக் கீழே எழுத்துத் தமிழில் இன்னொரு வரி எழுதி, இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். பேச்சு வழக்கை எழுத்தில் காட்டவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். தமிழ் எழுத்தைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது என்பது எனது உறுதியான எண்ணம். தன்னுடைய பேச்சு பிழையல்ல, எழுதுவதற்கு இன்னொரு வழியும் உண்டு என்று விளங்கிக்கொண்ட பிள்ளை எழுதப் பயப்படுவதில்லை. அவன் எழுத்து ஓடத் தொடங்கியதும் மேல்வரியை நிறுத்திவிடலாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கிழமையில் ஒருநாள் அழைத்துச் சென்று, புத்தகத்தை அவனையே தெரிவு செய்ய விடுங்கள்.

கேள்வி: மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். மூன்றரை வயதுப் பேத்தி பகல் முழுவதும் என்னோடுதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு என்னால் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?
– ஓர் அம்மம்மா, வேலணை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது சொற்கள். அவை உங்களிடம் நிறைய இருக்கின்றன. கூழுக்கு ஒடியல் மாவைக் கரைக்கும்போதும், முருங்கையிலை உருவும்போதும், சுளகில் அரிசி புடைக்கும்போதும், செய்வதைச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். புடைக்கிறது, கொழிக்கிறது, தெள்ளுகிறது என்று ஒவ்வொரு வேலைக்கும் உள்ள சொல்லை அவள் உங்களிடமிருந்துதான் கேட்கவேண்டும். பயறையும் உளுந்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கொக்கான் வெட்டும் கல்லை அவளுக்கு முன்னால் எறிந்து பிடித்து எண்ணுங்கள்.

மத்தியானத்தில் ஒரு கதை சொல்லுங்கள். அடுத்த நாள் அதே கதையை அவளை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நரியை முதலையாக மாற்றிவிட்டாலும் இடைமறிக்காதீர்கள். அவள் சொன்னதை மகள் வேலையால் வந்ததும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அப்படியே எழுதி, திகதி போட்டு, ஒரு பைலில் சேர்த்து வைக்கட்டும். எழுத்துக் கற்கும் காலத்தில் அவள் வாசிக்கப்போகும் முதற் புத்தகம் அதுவாக இருக்கலாம்.